வலது கை, இடது கை, கழுத்து

அந்த ஓட்டலில் அறை சுத்தம் செய்யும் பெண்களை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. யாருக்கு எந்த மாடியோ அதுதான் பெயர். "ரெண்டாம் மாடி இன்னும் சாப்பிடலையா?" என்று கேட்பார்கள். "ஏழாம் மாடிக்கு முதுகு பிடிச்சுக்கிச்சாம், இன்னைக்கு லீவு" என்பார்கள். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் முதல் நாள் திருதிருவென்று முழிப்பார்கள். ஒரு வாரத்தில் அவர்களும் ஏதாவது ஒரு மாடி ஆகிவிடுவார்கள்.

நாலாம் மாடிக்கு வயது நாற்பத்து மூன்று. பத்தொன்பது வருடமாக அதே மாடிதான். ஒரு நாளைக்குப் பதினான்கு அறைகள், பதினான்கு குளியலறைகள். கண்ணைக் கட்டிவிட்டாலும் எந்த அறையின் குழாய் சொட்டும், எந்த அறையின் ஜன்னல் இடுக்கில் தூசி சேரும் என்று சொல்லிவிடுவாள். அந்தப் பத்தொன்பது வருடத்தில் அவள் உடம்பில் ஒட்டிக்கொண்டது ப்ளீச் வாசம். கையுறை போட்டாலும் விரல் நுனிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாலும், கை வாய்க்கு வரும்போது முதலில் வருவது அதுதான்.

கணவனிடம் சொல்லிப் பயனில்லை. அவன் வெல்டிங் பட்டறையில் வேலை செய்கிறவன். புகையில் மூக்கைத் தொலைத்து வெகுகாலம் ஆகிவிட்டது. அடுப்பில் ஏதாவது தீய்ந்தால்கூட மகள் உள்ளேயிருந்து கத்தித்தான் அவனுக்குத் தெரியும்.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு நாள் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த சின்னக் கடையில் அவள் போய் நின்றாள். சீப்பு, கண்ணாடி, நகப்பூச்சு, சென்ட் எல்லாம் தொங்கவிட்டிருக்கும் கடை. இருப்பதிலேயே விலை குறைந்த சென்ட் எது என்று கேட்டாள். கடைக்காரர் கட்டைவிரல் உயரத்தில் ஒரு பச்சைக் கண்ணாடிப் புட்டியை எடுத்து வைத்தார். மூடி லொடலொடவென்று ஆடியது. அவள் மூடியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனதும் அவர் தடுத்தார்.

"புட்டியை மோந்து முடிவு பண்ணாதீங்கம்மா. கையில அடிச்சுக்கிட்டு ஒரு சுத்து போயிட்டு வாங்க. ஒரு மணி நேரம் கழிச்சும் பிடிச்சிருந்தா வாங்குங்க. பிடிக்கலைன்னா போயிட்டே இருங்க."

அவள் காய்கறி வாங்கப் போனாள், தைக்கக் கொடுத்திருந்த ரவிக்கையை வாங்கினாள், திரும்பி வந்தாள். போகும்போது ஆரஞ்சுத் தோலைக் கிள்ளினால் கண்ணில் தெறிக்குமே, அந்தக் காரமான வாசம் இருந்தது. காய்கறிக் கடையில் நிற்கும்போது அது மெல்ல விலகி, மிளகும் ஏலக்காயும் சேர்ந்தாற்போல் ஒரு கமறல் வந்தது. திரும்பி வரும்போது அதுவும் அடங்கி, அப்போதுதான் ரம்பம் போட்ட பலகையின் வாசமாக மாறியிருந்தது. அவள் பத்து நிமிடம் கடை வாசலிலேயே நின்று தன் மணிக்கட்டை முகர்ந்துகொண்டிருந்தாள். வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். அவள் ஒரு வாரம் டீ குடிக்கும் காசுகூட ஆகவில்லை.

மகள் முகர்ந்து பார்த்துவிட்டு, பெரிய பெரிய கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விற்கிற ஒரு சென்டைப் பார்த்து அடித்த காப்பி இது என்று சொன்னாள். ஆரம்பம் மட்டும் அப்படியே இருக்கிறதாம், மற்றதெல்லாம் வேறாம். கல்லூரித் தோழி ஒருத்தி அந்தப் பெரிய சென்டைப் போட்டு வருவாளாம். கணவன் அவள் கையைப் பிடித்து மூக்கில் வைத்து, நன்றாக இழுத்து, "பிரமாதமா இருக்கு" என்றான். எதுவும் தெரியாமல் சொல்கிறான் என்று மூன்று பேருக்கும் தெரியும். ஆனாலும் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

அன்றிலிருந்து தினமும் போட்டாள். காலையில் கிளம்பும்போது ஒரு தடவை. மூன்றாவது குளியலறை முடிந்து, கை கழுவி, ஒன்பது மணி வாக்கில் கழுத்தில் இன்னொரு தடவை. ஏப்ரன் பையில் புட்டி எப்போதும் இருக்கும். முதலில் வருவது பளிச்சென்று இருந்தாலும் அவளுக்குப் பிடித்தது அது இல்லை. மதியத்துக்கு மேல், விரிப்பை உதறிப் போடக் குனியும்போது கழுத்திலிருந்து எழும்பும் அந்த மர வாசம்தான். அப்போது அது புட்டியிலிருந்து வந்தது போலவே இருக்காது. அவள் உடம்பே அப்படித்தான் என்பது போல இருக்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நானூற்றுப் பன்னிரண்டாம் அறையில் ஓர் அம்மாள் தங்கியிருந்தாள். மூன்று நாளாக இருக்கிறாள், ஏதோ கம்பெனிக் கூட்டத்துக்கு வந்தவள். பன்னிரண்டு மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும். காலைச் சாப்பாட்டுக்குக் கீழே போகும்போது, அறையைக் கொஞ்சம் சுத்தம் செய்யும்படி கதவில் அட்டை மாட்டிவிட்டுப் போயிருந்தாள். நாலாம் மாடி உள்ளே போய்க் குப்பையை எடுத்தாள், குளியலறையைக் கழுவினாள், துண்டுகளை மாற்றினாள், வெளியே வந்தாள். அடுத்த அறையையும் முடித்து, வழக்கம்போலக் கழுத்தில் ஒரு முறை சென்டை அடித்துக்கொண்டு தள்ளுவண்டியோடு வராந்தாவுக்கு வந்தபோது, அந்த அம்மாள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

"என்ன வேணும் மேடம்?" என்று இவள் பக்கத்தில் போனாள்.

அந்த அம்மாள் மூக்கை ஒரு முறை உறிஞ்சினாள். முகம் மாறிப்போயிற்று.

"இது என்னோட சென்ட்" என்றாள். "அங்க டேபிள் மேல வச்சிருந்தேன், காணோம். இப்ப உங்க மேல அடிக்குது."

சத்தமாகத்தான் சொன்னாள். எதிர் அறைக் கதவு ஒன்று திறந்தது. சர்வீஸ் லிஃப்ட் அருகே நின்றிருந்த மூன்றாம் மாடியும் ஐந்தாம் மாடியும் திரும்பிப் பார்த்தார்கள். நாலாம் மாடிக்கு முதலில் எதுவும் புரியவில்லை. புரிந்தபோது காது இரண்டும் சூடாகிவிட்டன.

"நான் எடுக்கல மேடம். இது என்னோடது" என்று ஏப்ரன் பையிலிருந்து பச்சைப் புட்டியை எடுத்துக் காட்டினாள்.

அதற்குள் சூப்பர்வைசர் வந்துவிட்டாள். சூப்பர்வைசரும் இவளும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவள் ஆறாம் மாடியாக இருந்து, எட்டு வருடத்துக்கு முன்பு சூப்பர்வைசர் ஆனாள். இப்போதும் இருவரும் வாடி போடிதான். இந்தப் பச்சைப் புட்டி அவளுக்கு நன்றாகத் தெரியும். தங்கை வீட்டு விசேஷத்துக்குப் போகும்போது இவளிடமிருந்து வாங்கி அடித்துக்கொண்டு போயிருக்கிறாள். நாலாம் மாடி அவள் முகத்தைப் பார்த்தாள். அவள் சொல்வாள், இரண்டு வார்த்தையில் விஷயம் முடிந்துவிடும் என்று நினைத்தாள். சூப்பர்வைசர் கையிலிருந்த அறைப் பட்டியலைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள், மேனேஜருக்கு ஃபோன் செய்தாள்.

மேனேஜர் இளைஞர். முப்பது வயது இருக்கும். யாரிடமும் குரல் உயர்த்த மாட்டார், எதையும் பூசி மெழுகிவிடுவதில் கெட்டிக்காரர். வந்தவுடன் அந்த அம்மாளிடம் மன்னிப்புக் கேட்டார். அறையை இன்னொரு முறை எல்லோருமாகத் தேடினார்கள். கட்டிலுக்கு அடியில், திரைக்குப் பின்னால், குப்பைப் பையில்கூடத் தேடினார்கள். கிடைக்கவில்லை. மேனேஜர் பச்சைப் புட்டியை வாங்கிப் பார்த்தார். பெரிய புட்டியில் இருந்ததைச் சின்னப் புட்டியில் ஊற்றிக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும் என்று அந்த அம்மாள் கேட்டாள். மேனேஜர் இவளைப் பார்த்துச் சிரித்தாற்போல முகத்தை வைத்துக்கொண்டார்.

"அக்கா, வாங்க, கீழ என் ரூம்ல போய்ப் பேசலாம்."

"எதுக்கு சார் கீழ? மேடம் இங்கதானே சொன்னாங்க. இங்கயே பேசலாம்."

அவர் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார். பெரிதுபடுத்த வேண்டாம் என்றார். ஒரு சாரி சொல்லிவிட்டால் போதும், மேடத்துக்குப் புதிய புட்டி ஓட்டல் சார்பில் வாங்கிக் கொடுத்துவிடலாம், போலீஸ் அது இது என்று யாரும் போக மாட்டார்கள் என்றார். கொஞ்ச நாளைக்கு அவளைத் துணி வெளுக்கும் பக்கம் மாற்றிவிட்டால் எல்லோரும் மறந்துவிடுவார்கள் என்றார். பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவளுக்கு அவர் செய்கிற நல்லது என்கிற மாதிரியே எல்லாவற்றையும் சொன்னார்.

"சாரின்னு சொன்னா, எடுத்தேன்னு அர்த்தம் சார். நான் எடுக்கல."

சூப்பர்வைசர் அவள் முழங்கையைத் தொட்டாள். "பேசாம இருடி. வேலை போயிடும்" என்றாள் மெதுவாக.

நாலாம் மாடி கையை விலக்கிக்கொண்டாள். மகளுக்கு இன்னும் ஒன்றரை வருடப் படிப்பு இருக்கிறது. பட்டறையில் வேலை இருக்கும் மாதமும் உண்டு, இல்லாத மாதமும் உண்டு. அதெல்லாம் ஒரு நொடியில் மனதில் ஓடி முடிந்தது. ஆனால் இன்றைக்குத் தலையைக் குனிந்துவிட்டு நாளைக்கு எந்த முகத்தோடு இந்த வராந்தாவில் வண்டி தள்ளுவது என்றும் ஓடியது. அவள் அந்த அம்மாளைப் பார்த்தாள்.

"மேடம், உங்க சென்ட் கீழ நம்ம ஓட்டல் கடையில இருக்கா? மோந்து பாக்கறதுக்குன்னு ஒரு பாட்டில் வெளிய வச்சிருப்பாங்களே."

இருக்கிறது என்றாள் அந்த அம்மாள்.

"அதை எடுத்துட்டு வரச் சொல்லுங்க. உங்களுக்குப் பன்னெண்டு மணி வரைக்கும் நேரம் இருக்கு. எனக்கும் இருக்கு."

மேனேஜர் இதெல்லாம் எதற்கு என்று ஆரம்பித்தார். அந்த அம்மாள் கையைக் காட்டி நிறுத்தினாள். எடுத்து வரட்டும் என்றாள். அவள் கோபமாக இருந்தாளே தவிர, அநியாயக்காரி இல்லை. கணக்குத் தணிக்கை செய்கிறவள் என்று பிறகு தெரிந்தது. ஒன்று சரியா தப்பா என்று பார்க்காமல் விட அவளுக்கு மனது வராது போலும்.

சூப்பர்வைசரே போய்க் கீழ்த் தளத்துக் கடையிலிருந்து அந்தப் புட்டியை வாங்கி வந்தாள். நாலாம் மாடி எல்லோர் முன்பும் கையைக் கழுவினாள். சோப்புப் போடவில்லை. சோப்புக்கும் ஒரு வாசம் உண்டு என்று சொன்னாள். புதுத் துண்டால் துடைத்துக்கொண்டு, இரண்டு கையையும் நீட்டினாள்.

"இடது கையில கடைப் பாட்டில். வலது கையில என் புட்டி. என் புட்டியை நான் தொடல, சார் கையிலதான் இருக்கு, அவரே அடிக்கட்டும். கழுத்துல ஏற்கெனவே இருக்கு. அதைத்தானே மேடம் கண்டுபிடிச்சீங்க."

மேனேஜர் சங்கடத்தோடு இரண்டையும் அடித்தார். அந்த அம்மாள் குனிந்து இடது கையை முகர்ந்தாள், வலது கையை முகர்ந்தாள், மறுபடியும் இடது கை.

"ரெண்டும் ஒண்ணுதானே" என்றாள்.

மேனேஜர் முகத்தில், முடிந்தது என்பது போல ஒரு நிம்மதி வந்தது.

"ஆமா மேடம். இப்ப ஒண்ணுதான். இன்னும் ஒரு கால் மணி நேரத்துக்கு ஒண்ணாத்தான் இருக்கும்" என்றாள் நாலாம் மாடி. "நான் அதை மறுக்கலையே. அதுக்கப்புறம் வந்து பாருங்க."

சொல்லிவிட்டு, லிஃப்ட் எதிரே விருந்தினர்களுக்காகப் போட்டிருந்த சோபாவில் போய் உட்கார்ந்தாள். வேலைக்காரர்கள் அதில் உட்காரக் கூடாது. பத்தொன்பது வருடத்தில் அவள் அதன் கால்களை எத்தனையோ முறை துடைத்திருக்கிறாள், உட்கார்ந்ததில்லை. இரண்டு கையையும் உள்ளங்கை மேலே தெரியும்படி தொடைமேல் வைத்துக்கொண்டு அவள் நேராக உட்கார்ந்திருந்தாள். அந்தச் சோபா அவள் நினைத்ததைவிட அதிகமாக உள்ளே வாங்கியது. முதுகை நிமிர்த்தி வைத்துக்கொள்ளக் கஷ்டப்பட்டாள்.

கால் மணி ஆயிற்று. அந்த அம்மாள் வந்து முகர்ந்தாள். நெற்றியைச் சுருக்கினாள். மேனேஜரைக் கூப்பிட்டாள். அவர் முகர்ந்துவிட்டுத் தனக்கு வித்தியாசம் தெரியவில்லை என்றார். அந்த அம்மாள் அறைக்குள் போய்ப் பெட்டி அடுக்க ஆரம்பித்தாள். கதவை மட்டும் திறந்தே வைத்திருந்தாள்.

உட்கார்ந்திருந்தவளுக்கு அப்போதுதான் உண்மையான பயம் வந்தது. அவளும் கையை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. இடது கையிலும் இல்லை, வலது கையிலும் இல்லை. மூக்கு மரத்துப்போயிருந்தது. இரண்டு வருடமாகத் தினமும் போட்ட சென்ட், இன்றைக்குப் பார்த்துக் காலை வாரிவிட்டால் என்ன செய்வது? வியர்வையில் கெட்டுப்போனால்? தோலுக்குள் ஊறிய ப்ளீச் எதையாவது செய்துவிட்டால்? எழுந்து போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. எழுந்திருக்கவில்லை. கையைத் தொடைமேலேயே வைத்துக்கொண்டாள். விருந்தினர் இருவர் லிஃப்டிலிருந்து இறங்கி, அவளைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போனார்கள். ஐந்தாம் மாடி ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து, இவள் கை படாமல் தானே வாயருகே பிடித்துக் குடிக்கவைத்துவிட்டுப் போனாள். "இதோட மூணாவது தடவை கீழ போறேன்னு பொய் சொல்லிட்டு வந்து எட்டிப் பாக்கறேன்க்கா" என்றாள்.

பத்தே கால் மணிக்கு அந்த அம்மாள் மறுபடி வந்தாள். இந்த முறை யாரும் கூப்பிடவில்லை, அவளாகவே வந்தாள். சோபாவில் பக்கத்தில் உட்கார்ந்தாள். இடது கையை எடுத்து முகர்ந்தாள். வலது கையை எடுத்து முகர்ந்தாள். வலது கையைக் கீழே வைக்கவில்லை.

"என்னோடது இந்த நேரத்துக்குப் பூவா மாறும்" என்றாள் தனக்குத்தானே சொல்வது போல. "பூவும் தேனும். கொஞ்சம் திகட்டும். இதுல பூவே இல்லை. ஏதோ காரமா இருக்கு."

"இன்னும் ஒரு மணி நேரத்துல அதுவும் போயிடும் மேடம்."

"போயி?"

"நீங்களே பாருங்க."

மேனேஜர் இதற்குமேல் தேவையில்லை, ஏதோ தவறு நடந்துவிட்டது, எல்லோரும் வேலையைப் பார்க்கலாம் என்றார். நாலாம் மாடி எழுந்திருக்கவில்லை. பாதியில் நிறுத்தினால் பாதிதான் நம்புவார்கள் என்றாள். முழுவதும் பார்த்துவிடலாம் என்று அந்த அம்மாளும் சொன்னாள். மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சூப்பர்வைசர் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள். ஒரு மணி நேரமாக அவள் அந்த இடத்தைவிட்டு நகரவும் இல்லை, ஒரு வார்த்தை பேசவும் இல்லை.

பதினொன்றே கால். இப்போது மூன்றாம் மாடி, ஐந்தாம் மாடி, சலவையிலிருந்து வந்த ஒருவர், எதிர் அறைக்காரர் எல்லோரும் வராந்தாவில் இருந்தார்கள். அந்த அம்மாள் தானாகவே கண்ணை மூடிக்கொண்டாள். எந்தக் கை என்று சொல்லாமல் நீட்டச் சொன்னாள். நாலாம் மாடி இடது கையை நீட்டினாள்.

"இது என்னோடது" என்றாள் அந்த அம்மாள் உடனே.

வலது கை. அவள் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டாள். "இது இல்லை. இது மரம் மாதிரி இருக்கு. புதுசா அறுத்த பலகை. என்னோடது என்னைக்குமே இப்படி ஆனதில்லை."

இனி கழுத்துதான் பாக்கி. அந்த அம்மாள் கண்ணைத் திறந்தாள். முன்பின் தெரியாத ஒருத்தியின் கழுத்தருகே குனியத் தயங்கினாள்.

"வாங்க மேடம்" என்றாள் நாலாம் மாடி. "சொல்லும்போது தூரத்துல நின்னு சொல்லிட்டீங்க. இப்ப பக்கத்துல வந்து பாருங்க."

அந்த அம்மாள் குனிந்தாள். நிமிர்ந்தபோது அவள் முகம் சிவந்திருந்தது.

"வலது கைதான்" என்றாள். "கழுத்துல இருக்கிறதும் வலது கையில இருக்கிறதும் ஒண்ணு. என்னோடது இல்லை." பிறகு குரலைத் தாழ்த்தி, "என்னை மன்னிச்சுக்கங்க" என்றாள்.

"காலையில எவ்வளவு சத்தமா சொன்னீங்களோ, அவ்வளவு சத்தமா சொல்லுங்க மேடம். அப்ப கேட்டவங்க எல்லாரும் இங்கதான் இருக்காங்க."

மேனேஜர் "அக்கா" என்றார், கெஞ்சுவது போல. அந்த அம்மாள் அவரைப் பார்க்கவில்லை. எழுந்து நின்றாள். வராந்தா முழுக்கக் கேட்கும்படி, இவங்க என் சென்டை எடுக்கவில்லை, நான் தப்பாகச் சொல்லிவிட்டேன், மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன் என்றாள். சொல்லி முடித்ததும் அவளுக்கே ஒரு பாரம் இறங்கியது போல இருந்தது. கடைப் புட்டியைக் காட்டி, இது போலப் புதிதாக ஒன்று வாங்கித் தருகிறேன், வைத்துக்கொள்ளுங்கள் என்றாள்.

"வேண்டாம் மேடம். எனக்குத் திகட்டும்."

"அப்ப உங்களோடது எங்க கிடைக்கும்? அதையாவது சொல்லுங்க."

"சொல்ற மனநிலையில நான் இல்ல. எனக்கு இன்னும் பதினோரு ரூம் இருக்கு."

எழுந்து தள்ளுவண்டியைப் பிடித்தாள். ஐந்தாம் மாடிக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் இருமல் வந்துவிட்டது.

மதியம் மூன்று மணிக்கு விரிப்புகள் அடுக்கி வைக்கும் அறையில் சூப்பர்வைசர் வந்து கதவைச் சாத்தினாள். தலையணை உறைகளை அடுக்கிக்கொண்டிருந்த நாலாம் மாடி திரும்பவில்லை.

"எனக்குத் தெரியும்டி, நீ எடுத்திருக்க மாட்டேன்னு."

"தெரியும்தானே."

"என்ன பண்ணச் சொல்ற? ரெண்டு மாசமா என்னை மாத்தணும்னு பேசிக்கிட்டிருக்காங்க. நான் உனக்காகப் பேசினா, சேர்ந்து திருடறாங்கன்னு சொல்லுவாங்க."

"சொன்னாலும் சொல்லியிருப்பாங்க" என்றாள் நாலாம் மாடி. "ஆனா ரெண்டு பேரா நின்னிருப்போம். தெரிஞ்சும் நீ வாயைத் திறக்கல. அந்தம்மா என்னை இன்னைக்குத்தான் பார்த்தா. நீ என்னைப் பத்தொன்பது வருஷமா பாக்கற."

சூப்பர்வைசர் அழுதாள். நாலாம் மாடி அழவில்லை, அவளைத் தேற்றவும் இல்லை. உறைகளை எண்ணி வைத்துவிட்டு வெளியே போனாள். அன்றைக்கு அவள் கோபமெல்லாம் ஒன்று திரண்டு அந்த அறையில்தான் நின்றது. நானூற்றுப் பன்னிரண்டு அம்மாள்மேல் அவளுக்கு அந்த அளவு கோபம் வரவே இல்லை.

வீட்டில் சொன்னபோது கணவன் கொதித்துப்போனான், மறுநாள் ஓட்டலுக்கு வந்து கேட்கிறேன் என்றான். கேட்டாகிவிட்டது, நீ வந்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும் என்று அவள் உட்கார வைத்தாள். மகள் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் விடவில்லை.

மறுநாள் காலை வேலையாட்கள் நுழையும் வாசலில், கையெழுத்துப் போடும் மேசைக்கு மேலே, புதிதாக ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. அறை சுத்தம் செய்யும் பணியாளர்கள் இனி எந்தவித சென்டும் போட்டு வரக் கூடாது, மீறினால் நடவடிக்கை எடுக்கப்படும். கீழே மேனேஜரின் கையெழுத்து. நாலாம் மாடி அதை இரண்டு முறை படித்தாள். நேராக மேனேஜர் அறைக்குப் போனாள்.

வேலையில் சேர்ந்தபோது கொடுத்த விதிப் புத்தகத்தில் அப்படி எதுவும் இல்லை என்றாள். உடம்பு நாறக் கூடாது என்றுதான் இருக்கிறது, அவள் நாறவில்லை என்றாள். இது அவளுடைய பாதுகாப்புக்குத்தான், இனி யாரும் அவளைச் சந்தேகப்பட மாட்டார்கள் அல்லவா என்று மேனேஜர் விளக்கினார்.

"சந்தேகப்பட்டது நானா சார்? சந்தேகப்பட்டவங்களுக்கு ஏதாவது நோட்டீஸ் ஒட்டுங்க. நான் நாளைக்கும் போட்டுட்டு வருவேன். நடவடிக்கை எடுக்கறதுன்னா எடுங்க, ஆனா எழுத்துல குடுங்க. ஏன் எடுக்கறீங்கன்னு காரணத்தையும் எழுதுங்க."

அவர் எழுதித் தரவில்லை. அவள் மறுநாள் போட்டு வந்தாள். அவளைத் தாண்டிப் போன ஐந்தாம் மாடியிடமிருந்தும் அதே ஆரஞ்சுத் தோல் வாசம் அடித்தது. ஒரு வாரத்தில் மூன்றாம் மாடி, ஏழாம் மாடி, சலவைப் பிரிவில் இரண்டு பேர் என்று பரவிவிட்டது. எட்டாம் மாடிக்கு அந்தச் சென்ட் ஒத்துக்கொள்ளவில்லை, தலைவலி வந்தது. அவள் வேறு ஒரு மலிவு சென்டைப் போட்டு வந்தாள். அது எல்லோருக்கும் தலைவலி கொடுத்தது. அதையும் பொறுத்துக்கொண்டார்கள். காலை ஏழு மணிக்கு எல்லா மாடிகளும் ஒரே லிஃப்டில் ஏறும்போது உள்ளே மூச்சு முட்டும். ஏழு பேரையும் கூப்பிட்டு விசாரிக்க மேனேஜருக்குத் தைரியம் வரவில்லை. ஏழு பேர் இல்லாமல் ஒரு நாள்கூட ஓட்டல் ஓடாது.

இரண்டாவது வாரத்தில் நானூற்றுப் பன்னிரண்டு அம்மாளிடமிருந்து ஃபோன் வந்தது. சென்ட் புட்டி கிடைத்துவிட்டது, மழைக்கோட்டின் உட்பையில் அவளே வைத்திருக்கிறாள், அந்தப் பணியாளரிடம் கட்டாயம் சொல்லிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டாளாம். மேனேஜர் நாலாம் மாடியைத் தனியாக அழைத்துச் சொன்னார். சொல்லிவிட்டு, இத்தோடு எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சிரித்தார்.

"இதைக் காலைக் கூட்டத்துல சொல்லிடுங்க சார்" என்றாள். "எனக்குச் சொல்லி என்ன பயன், எனக்குத்தான் முன்னாடியே தெரியுமே. மத்தவங்களுக்குத்தான் தெரியணும்."

மறுநாள் காலைக் கூட்டத்தில், அறைப் பட்டியல் படிப்பதற்கு முன்னால், மேனேஜர் ஒரு சீட்டைப் பார்த்துப் படித்தார். நிர்வாகத்தின் தரப்பில் நேர்ந்த தவறுக்கு வருந்துகிறோம் என்று ஒரு வரியும் அதில் இருந்தது. அந்த வரியை எழுதியது சூப்பர்வைசர் என்று பிற்பாடு தெரிய வந்தது. மேனேஜர் எழுதிக் கொண்டுவந்த சீட்டில் அந்த வரி இல்லையாம். இது இல்லாமல் படிக்க வேண்டாம் என்று அவள் மேனேஜரிடம் சொல்லி, தன் கையாலேயே எழுதிச் சேர்த்தாளாம். நாலாம் மாடி அதைக் கேட்டுத் தலையை ஆட்டிக்கொண்டாள். பழையபடி வாடி போடி என்று பேச அவளுக்கு இன்னும் வாய் வரவில்லை. ஆனால் அன்று மதியம் சாப்பிடும்போது, பக்கத்தில் இருந்த நாற்காலியிலிருந்து தன் பையை எடுத்துக் கீழே வைத்தாள். சூப்பர்வைசர் வந்து அதில் உட்கார்ந்தாள். இருவரும் சாப்பிட்டார்கள்.

அறிவிப்பை யாரும் கிழிக்கவில்லை. மேனேஜரும் எடுக்கவில்லை. எடுத்தால் தோற்றதுபோல் ஆகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. கொஞ்ச நாளில், துண்டுகளைக் கணக்குப் பார்த்து அனுப்புவது பற்றிய இன்னோர் அறிவிப்பை யாரோ அதன் பாதிக்கு மேல் ஒட்டிவிட்டார்கள். "எந்தவித சென்டும்" என்பது வரைக்கும்தான் வெளியே தெரிகிறது. அதற்கு நேர் கீழேதான் நாலாம் மாடி தினமும் குனிந்து கையெழுத்துப் போடுகிறாள்.